கைத்தொலைபேசி இல்லாதவனுக்கும் குரல் உண்டு



உலகின் முதல் குறுஞ்செய்தி எந்தக் கைத்தொலைபேசியிலிருந்து போனது தெரியுமா? எந்தக் கைத்தொலைபேசியிலிருந்தும் போகவில்லை. 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில், நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர் ஒரு கணினியின் முன் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தட்டினார். வோடஃபோன் நிறுவனத்தின் இயக்குநர் ஒருவருடைய கைத்தொலைபேசியில் அது போய் விழுந்தது. அன்றைய கைத்தொலைபேசிகளில் செய்தியைப் படிக்கலாம். எழுதி அனுப்ப வழி இல்லை. ஆகவே குறுஞ்செய்தி என்பது பிறக்கும்போதே கணினியில் பிறந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? "கைத்தொலைபேசி இல்லை என்றால் உன்னால் எதுவும் செய்ய முடியாது" என்று நம் மக்களிடம் முகப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லும்போது, அது இயற்கையின் விதி போல நம் காதில் விழுகிறது. அது விதி அல்ல. யாரோ எடுத்த முடிவு. அந்த முடிவை மாற்றும்படி கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

நான் கணினி நிபுணன் அல்ல. வழக்கறிஞன். இது தொழில்நுட்பக் கட்டுரையும் அல்ல. ஆனால் கணினியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பும் இந்தச் சின்ன விஷயத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தவன் ஒரு 15 வயதுப் பையன். அவனிடம் கைத்தொலைபேசி இல்லை. பிறப்புச் சான்றிதழும் இல்லை. அவன் கதையைச் சொல்லாமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

அந்த இரவு

2008. நான் வழக்கறிஞராகப் பதிவு பெற்றுச் சில காலமே ஆகியிருந்தது. சிலாங்கூரில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் வெட்டப்பட்டு, லயத்தில் 31 குடும்பங்கள் மட்டும் மிச்சம். நில உரிமையாளர் ஆணை 89-இன் கீழ் வழக்குப் போட்டிருந்தார். இடத்தில் அத்துமீறிக் குடியிருப்பவர்களைச் சுருக்கமான விசாரணையில் வெளியேற்றும் வழி அது. மூன்று தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவர்கள்!

வெளியேற்றும் உத்தரவு வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை மாலை, சனிக்கிழமை காலையில் இயந்திரங்கள் வரப்போவதாக எனக்குத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமையே உயர்நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு குடும்பமும் பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டையோடு காலை 8 மணிக்கு என் அலுவலகம் வந்து சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த நேரம் பார்த்து என் கைத்தொலைபேசி பேருந்து நிலையத்தில் களவு போனது.

கையில் இருந்தது வழக்குக் கோப்பு மட்டுமே. அதில் குடும்பத் தலைவர்களின் எண்களைப் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். பக்கத்தில் ஓர் இணையக் கடை. தோட்டத்துப் பையன் ஒருவன் அங்கே நாற்காலி துடைத்து, கணினி பார்த்துக்கொண்டிருந்தான். என்னை அவனுக்குத் தெரியும். "அண்ணே, எதுக்கு போன்? இதிலேயே அனுப்பலாம்" என்றான். அவன் நண்பர்களுக்கு அப்படித்தான் அனுப்புவானாம். விளம்பரத்தோடு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு செய்தி இலவசமாக அனுப்ப விடும் தளங்கள் அப்போது இருந்தன. கடைக்காரர் தம் வியாபாரத்துக்காகக் காசு கட்டி ஒரு குறுஞ்செய்திக் கணக்கும் வைத்திருந்தார். காசு கொடுத்தேன். பையன் எண்களை வரிசையாகத் தட்டினான். அரை மணி நேரத்தில் செய்தி போய்விட்டது.

மறுநாள் காலையில் எல்லாரும் வரவில்லை. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. தெரியாத எண்ணிலிருந்து வந்ததால் சிலர் அதை எதிர்த்தரப்பின் தந்திரம் என்று நினைத்துவிட்டார்கள். சரிபார்க்க என் எண்ணுக்கு அழைத்தார்கள்; அது திருடனிடம் இருந்தது. ஒரு குடும்பத்துக்குச் செய்தியே போகவில்லை. அது அந்தப் பையனின் பாட்டி வீடு. அவர்களிடம் கைத்தொலைபேசி இல்லாததால் என் பட்டியலில் அவர்களுக்கு எண்ணே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து 30 வீட்டுக்கும் செய்தி அனுப்பியவன், இரவு சைக்கிளில் போய்த் தன் பாட்டியிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்றார். நான் அவரை எதிர்பார்க்கவே இல்லை. அவருக்கான வாக்குமூலத்தை நான் தயாரிக்கவே இல்லை!

இதை யார் மேலும் பழி போட்டுச் சொல்லவில்லை. தவறு என்னுடையது. எண் இல்லாதவரை என் பட்டியலே மறந்துவிட்டது. இன்று அரசாங்கமும் வங்கியும் அதே தவறைப் பெரிய அளவில் செய்கின்றன என்பதுதான் என் வாதம்.

எப்படி நடக்கிறது?

குறுஞ்செய்தி நேராக ஒரு கைத்தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்கு முதலில் போகிறது. அதை ஒரு தபால் நிலையம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெறுபவரின் தொலைபேசி அணைந்திருந்தால் அது திறக்கும் வரை குறிப்பிட்ட காலத்துக்கு அங்கேயே காத்திருக்கும். அந்தத் தபால் நிலையத்துக்குள் கடிதத்தைப் போட கைத்தொலைபேசி ஒரு வழி; கணினி இன்னொரு வழி.

கணினி வழியிலும் மூன்று வகை உண்டு.

முதலாவது, இணையக் குறுஞ்செய்தி நிறுவனங்கள். கணக்குத் திறந்து, முன்கூட்டிக் காசு கட்டி, எண்களையும் செய்தியையும் கொடுத்தால் அவர்கள் தொலைபேசி நிறுவனங்களிடம் சேர்ப்பார்கள். வங்கி, மருத்துவமனை, கடைகளிலிருந்து ஐந்து இலக்க எண்ணில் உங்களுக்கு வரும் செய்திகளெல்லாம் இப்படிக் கணினியிலிருந்து வருபவைதான். பணக்கார நிறுவனங்கள் தினமும் செய்வது இது. நம் இயக்கங்களுக்கு மட்டும் இது தெரியாமல் இருக்கிறது.

இரண்டாவது, சிம் அட்டை செருகிய சிறிய மோடத்தைக் கணினியில் பொருத்துவது. கைத்தொலைபேசி வேண்டாம், சிம் மட்டும் வேண்டும். 2005-இல் கென் பேங்க்ஸ் என்பவர் வெளியிட்ட ஃப்ரண்ட்லைன்எஸ்எம்எஸ் என்ற மென்பொருள் இந்த வழியைத் தொண்டு அமைப்புகளுக்குத் திறந்துவிட்டது. ஒரு மடிக்கணினி, அதோடு கம்பியில் இணைத்த ஒரு மோடம் அல்லது பழைய கைத்தொலைபேசி. இணையம் கூடத் தேவையில்லை. 2007-இல் நைஜீரியாவின் தேர்தலைக் கண்காணித்த குடிமக்கள் குழு இதைத்தான் பயன்படுத்தியது. ஊர் ஊராக இருந்த சாதாரண மனிதர்கள் தாம் கண்டதைக் குறுஞ்செய்தியாக அனுப்ப, ஒரே கணினியில் எல்லாம் சேர்ந்தது.

மூன்றாவது, இலவசக் கதவுகள். மின்னஞ்சலிலிருந்து குறுஞ்செய்தி, அரட்டை மென்பொருளிலிருந்து குறுஞ்செய்தி. இவை ஒவ்வொன்றாக மூடிவிட்டன. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் போனது. ஐசிக்யூ 2024 ஜூனில் போனது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் மின்னஞ்சல் வழிக் குறுஞ்செய்தியை 2025 ஜூன் 17-ஆம் நாள் நிறுத்திவிட்டது.

"வாட்ஸ்அப்பைக் கணினியில் திறக்கிறேனே, கூகுள் மெசேஜஸைக் கணினியில் திறக்கிறேனே" என்று கேட்பீர்கள். அவை கணினி வழி அல்ல, கைத்தொலைபேசியின் நிழல். ஏற்கனவே சிம்மும் தொலைபேசியும் வைத்திருப்பவருக்கு மட்டுமே திறக்கும் கதவு அது. இல்லாதவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தமிழில் எழுதினால் இரட்டைக் கட்டணம்

இங்கே நம் மொழிக்கு நேரும் ஓர் அநியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து என்பது எல்லாருக்கும் தெரியும். அது ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும். தமிழில் எழுதிய உடனே அது 70 ஆகச் சுருங்கும். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'நீதிமன்றம்' என்பதில் நமக்கு 6 எழுத்து. இயந்திரம் கொம்பையும் சுழியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 10 என்கிறது. "நாளை காலை 9 மணிக்கு நீதிமன்றம் வரவும்" என்று எழுதினாலே 37 போய்விட்டது. பாதிச் செய்தி முடிந்தது. எந்த நீதிமன்றம், எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும் என்று சேர்த்தால் இரண்டாகப் பிரியும், இரண்டு செய்திக்குக் காசு போகும்.

இதனால் என்ன ஆகிறது? நம் சங்கங்களே தமிழைக் கைவிட்டு, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகின்றன. தமிழ்ப்பள்ளியில் மட்டும் படித்த நம் அம்மாவும் பாட்டியும் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறார்கள். இத்தனைக்கும், கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழி செய்த செல்லினம் நம் மண்ணில் உருவானது. முத்து நெடுமாறன் உருவாக்கி 2005-இல் பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளிவந்தது. உலகத் தமிழருக்கு வழி காட்டியவர்கள் நாம். நம் கூட்ட அழைப்பு மட்டும் அரைகுறை ஆங்கில எழுத்தில் போகலாமா? சில காசு கூடப் போகட்டும். முதியோருக்குப் போகும் செய்தியைத் தமிழில் அனுப்புங்கள். சுருக்கமாக எழுதப் பழகுங்கள். கணினி விசைப்பலகையில் எழுதுவது அதற்கும் எளிது.

சட்டம் என்ன சொல்கிறது?

கணினியிலிருந்து அனுப்பினால் யார் அனுப்பியது என்று தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அந்த மயக்கத்தை விடுங்கள்.

1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு 2012 ஜூலை 31-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரு வெளியீடு எந்த இணையச் சேவையிலிருந்து போனதோ, அந்தச் சேவை யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவரே வெளியிட்டவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். எந்தக் கணினியிலிருந்து போனதோ, அதைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் மேலும் அதே அனுமானம். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். சங்க அலுவலகத்தில் கணினியைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகும் செயலாளர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். எவனோ வந்து எதையோ அனுப்பினால் முதலில் அழைக்கப்படுவது நீங்கள்.

1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு இன்னொன்று. ஆபாசமான, பொய்யான, மிரட்டலான செய்தியைப் பிறரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு அனுப்புவது அதன் கீழ் குற்றம். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் அபராதத்தின் உச்ச வரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளிக்கு உயர்ந்தது. சிறைத் தண்டனையின் வரம்பு ஓராண்டிலிருந்து இரண்டாண்டானது. இந்தப் பிரிவு அரசியல்வாதிகளை விமர்சிப்பவர்கள் மேல் எப்படியெல்லாம் பாய்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கோபத்தில் தட்டிய ஒரு வரி வீட்டையே அடகு வைக்கச் செய்யும்.

குறுஞ்செய்தியில் இணையச் சுட்டி வைக்காதீர்கள். மோசடியைத் தடுப்பதற்காக, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2023 மே முதல் தனிநபர்கள் அனுப்பும் செய்திகளில் சுட்டிகளைத் தடுக்க வைத்தது. 2024 செப்டம்பர் முதல் நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளுக்கும் அது விரிந்தது. சுட்டி வைத்த செய்தி போய்ச் சேராது. சிங்கப்பூரில் உள்ள உறவுகளுக்கு ஒரு குறிப்பு: அங்கே 2023 ஜனவரி 31 முதல், எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் காட்டி அனுப்பும் அமைப்புகள் அந்தப் பெயரை முன்கூட்டிப் பதிய வேண்டும். பதியாத பெயரில் வந்தால் மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடுதான் மக்கள் கையில் விழும்.

சட்டம் நம் பக்கம் நிற்கும் இடமும் உண்டு. சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்படி, கணினி தன் வழக்கமான பயன்பாட்டில் உருவாக்கிய ஆவணம், உரிய சான்றோடு நீதிமன்றத்தில் ஏற்கப்படும். இந்த நாள், இந்த நேரம், இந்த எண்ணுக்கு, இந்தச் செய்தி அனுப்பினோம் என்ற பதிவைக் கணினி தானாக வைத்திருக்கிறது. முதலாளிக்குச் சம்பளம் கேட்டு அனுப்பியது, நில உரிமையாளருக்கு அவகாசம் கேட்டு அனுப்பியது எல்லாம் பிறகு நம் வழக்கில் பேசும். கைத்தொலைபேசி தொலைந்தால் எல்லாம் தொலைந்தது என்ற நிலை இங்கே இல்லை.

உண்மையான கேள்வி

இதுவரை சொன்னது வழிமுறை. இனி உரிமைக்கு வருகிறேன்.

2006-இல் அரசாங்கம் முன்கட்டணச் சிம் அட்டைகள் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும் என்றது. அடையாள அட்டை அல்லது கடப்பிதழ் போன்ற ஆவணம் வேண்டும். குற்றத்தைத் தடுக்கத்தான் என்றார்கள். அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிறந்தது இந்த மண், பேசுவது இந்த மண்ணின் பேச்சு, கையில் காகிதம் மட்டும் இல்லாத நம் பிள்ளைகளை அந்த நாளில் யார் நினைத்தார்கள்? பெற்றோர் திருமணத்தைப் பதியவில்லை, பிறப்பைப் பதியத் தாமதம், தத்து எடுத்ததற்குத் தாள் இல்லை. இப்படி எத்தனை வீடுகள்! 2011-இல் மைடாஃப்தார் இயக்கம் நடந்தது. 2017-இல் மெகா மைடாஃப்தார் நடந்தது. ஒரு சமுதாயத்துக்காக இரண்டு முறை தனி இயக்கம் நடத்த வேண்டியிருந்தது என்பதே பிரச்சினையின் அளவைக் காட்டவில்லையா?

காகிதம் இல்லாதவன் தன் பெயரில் சிம் வாங்க முடியாது. சிம் இல்லாவிட்டால் வாட்ஸ்அப் இல்லை, டேக் எண் வராது, இணையத்தில் சந்திப்பு நேரம் பதிவு செய்ய முடியாது. நோய்த்தொற்றுக் காலத்தில் மைசெஜாத்ரா வந்தபோது, கடைவாசலில் கைத்தொலைபேசி இல்லாமல் நின்ற முதியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குறிப்பேட்டில் பெயர் எழுதச் சொல்லி உள்ளே விட்ட கடைக்காரர்கள் உண்டு. "பேரப்பிள்ளையைக் கூட்டி வா" என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

பொத்தான் போன் போதாது என்ற காலமும் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழி வரும் டேக் எண்ணைக் கைவிட்டு, ஒரே ஒரு கருவியோடு கட்டிய செயலிக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. முதலில் தொலைபேசி வேண்டும் என்றார்கள். இப்போது திறன்பேசி வேண்டும் என்கிறார்கள்.

"மோசடியைத் தடுக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கட்டாயம் தடுக்க வேண்டும். சேமநிதிப் பணத்தை ஒரே அழைப்பில் இழந்த முதியவர்கள் என் அலுவலகத்தில் வந்து அழுதிருக்கிறார்கள். பெயரை மறைத்துக் கணினியிலிருந்து ஆயிரக்கணக்கில் செய்தி அனுப்பும் கூட்டங்கள் இருக்கின்றன. இலவசக் கதவுகள் மூடியதற்கு அவர்களும் ஒரு காரணம். திருடன் வருகிறான் என்று கதவைப் பூட்டுவது நியாயம். ஆனால் வீட்டுப் பிள்ளை வெளியே நிற்கும்போது பூட்டிவிட்டு, "சாவி எங்கே?" என்று அவனையே கேட்பது என்ன நியாயம்? அடையாளத்தைச் சரிபார்க்கட்டும். சரிபார்க்க ஒரே ஒரு வழிதான், அது கையில் உள்ள கருவிதான் என்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். 10-ஆவது பிரிவு பேச்சுச் சுதந்திரத்தைக் குடிமக்களுக்குத் தருகிறது. குடியுரிமை இல்லாத நம் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. ஆனால் 8-ஆவது பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை. 'எல்லா நபர்களும்' சட்டத்தின் முன் சமம், சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு உரியவர் என்கிறது. 5-ஆவது பிரிவும் நபரைத்தான் சொல்கிறது. நாடற்றவனும் நபர்தான். போன் இல்லாத பாட்டியும் நபர்தான். அரசாங்கச் சேவைக்கான ஒரே வாசலைக் கைத்தொலைபேசியில் வைத்துவிட்டு எல்லாரும் சமம் என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்வி ஒரு நாள் நீதிமன்றத்துக்கு வரும். அதற்கு முன் மக்கள் மன்றத்துக்கு வர வேண்டும்.

கைது என்றால்?

இன்னொரு வகையினரும் உண்டு. அது நாமாகவே இருக்கலாம். விசாரணை என்று காவல்துறை அழைக்கும்போது முதலில் கைக்கு மாறுவது கைத்தொலைபேசி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, கைது செய்யப்பட்டவர் உறவினரையோ நண்பரையோ, வழக்கறிஞரையோ தொடர்புகொள்ளலாம். நல்ல உரிமைதான். ஆனால் உங்கள் மனைவியின் எண் உங்களுக்கு மனப்பாடமா? அண்ணன் எண்? வழக்கறிஞர் எண்? வெளியே இருப்பவர்கள் கணினியில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் 200 பேருக்குச் சொல்லிவிடலாம். எண்கள் எல்லாம் பறிமுதலான போனுக்குள் இருந்தால் கணினி என்ன செய்யும்?

2001 ஜனவரியில் பிலிப்பீன்ஸ் மக்கள் மணிலா வீதியில் திரண்டு ஒரு அதிபரை இறக்கியபோது அவர்களை அழைத்தது குறுஞ்செய்தி. 2007 நவம்பரில் கோலாலம்பூரில் நாம் கண்ட கூட்டங்களுக்கும் செய்தி கைக்குக் கை அப்படித்தான் போனது. இன்று எல்லாம் ஒரே நிறுவனத்தின் ஒரே செயலிக்குள் அடைந்து கிடக்கிறது. அதற்குள் இல்லாதவர் நம் கூட்டத்திலும் இல்லை. நம்மிடையே மிகவும் ஏழை யாரோ அவரைத்தான் நாம் முதலில் இழக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கிளைக்கும் நான் பரிந்துரைப்பது இதுதான்.

1. உறுப்பினர் எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள். இரண்டு பிரதி, இரண்டு வீடு.

2. எண் இல்லாதவர்களின் பெயரைப் பட்டியலின் மேலே எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நேரில் போய்ச் சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள்.

3. சங்கத்தின் பெயரில் ஒரு முறையான இணையக் குறுஞ்செய்திக் கணக்குத் திறந்து, கொஞ்சம் காசு எப்போதும் வைத்திருங்கள். தனிநபர் பெயரில் வேண்டாம். யார், எப்போது, எதை அனுப்பினார் என்று ஒரு குறிப்பேடு வையுங்கள்.

4. செய்தியின் முதல் சொல்லே சங்கத்தின் பெயராக இருக்கட்டும். பதில் அனுப்ப முடியாத எண் என்றால், யாரை அழைத்துச் சரிபார்க்கலாம் என்று எழுதுங்கள். 2008-இல் நான் செய்யத் தவறியது இது.

5. மக்களின் சம்மதத்தோடு மட்டும் எண்ணை வாங்குங்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிபப் பரிவர்த்தனைகளைத்தான் முக்கியமாகக் கட்டுப்படுத்துகிறது. அதற்காக நம் மக்களின் எண்களைத் தேர்தல் நேரத்தில் எவருக்கும் தூக்கிக் கொடுக்கலாம் என்று பொருள் அல்ல. சட்டம் தொடாத இடத்திலும் மானம் என்று ஒன்று இருக்கிறது.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியது மூன்று. கைத்தொலைபேசி வழி தரப்படும் எந்தப் பொதுச் சேவைக்கும் முகப்பில், தாளில், ஒரு மாற்று வழி எழுத்துப்பூர்வமாக உறுதி செய்யப்பட வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர், தேசியப் பதிவுத் துறை தந்த ரசீதைக் காட்டி வரம்புக்கு உட்பட்ட ஒரு சிம் அட்டை வாங்க வழி வேண்டும். அவரை அரசாங்கத்துக்கு ஏற்கனவே தெரியும், முகவரி தெரியும், பிறகென்ன? இன்று நாடி என்று அழைக்கப்படும் இணைய மையங்களில், போன் இல்லாதவர் தம் அடையாளத்தைப் பதிந்துவிட்டுக் கணினியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பவும், தமக்கு வரும் பதிலைப் பெறவும் வசதி வேண்டும். கட்டடம் இருக்கிறது, கணினி இருக்கிறது, ஊழியர் இருக்கிறார். மனம் மட்டும்தான் பாக்கி.

அந்தப் பையன்

தடை உத்தரவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கிடைத்தது. பாட்டியின் வாக்குமூலத்தை வெள்ளிக்கிழமை காலையில், மற்றவர்கள் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோதே தட்டச்சு செய்தேன். கடைசியில் இழப்பீடு பேசி முடித்தார்கள்; லயம் போனது, ஆனால் வெறுங்கையோடு யாரும் போகவில்லை. அந்த அம்மாள் இப்போது உயிரோடு இல்லை.

பையன் முப்பதைத் தாண்டிவிட்டான். பட்டறையில் வேலை, கை சுத்தமான மெக்கானிக். இப்போது அவனிடம் கைத்தொலைபேசி இருக்கிறது. சிம் அட்டை மனைவியின் பெயரில். வங்கிக் கணக்கு மனைவியின் பெயரில். அவன் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் சட்டத்தின் கண்ணில் அவன் மனைவியே பொறுப்பு. அவன் விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது விண்ணப்பத்தை நாங்கள் போட்டிருக்கிறோம். "முடிவு குறுஞ்செய்தியில் அறிவிக்கப்படும், கைத்தொலைபேசி எண் எழுதுங்கள்" என்றார் முகப்பு அதிகாரி. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மனைவியின் எண்ணை எழுதினான்.

வாசகர்களே, உங்கள் கிளையின் பட்டியலை இன்று இரவு எடுத்துப் பாருங்கள். அதில் எண் இல்லாத பெயர் எத்தனை? ஒன்றுமே இல்லை என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். எண் இல்லாதவர்களின் பெயரை நாம் இன்னும் எழுதவே இல்லை என்பதுதான் அதன் பொருளாக இருக்கும்.